பான்கர் கோட்டையிலிருந்து மாலையில் திரும்ப வண்டி கிடைக்குமா?

நேற்று ஜெய்ப்பூர் வந்தோம். நான், தம்பி, அறுபத்தைந்து வயது அம்மா. வியாழக்கிழமை, பேய்க் கோட்டை என்று சொல்லப்படும் பான்கர் கோட்டைக்குப் போக ஆசை. சுமார் 85 கிலோமீட்டர்தான், ஆனால் திரும்பும் வண்டிக்கு வழியில்லாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

விடுதியில் சொல்லிய டாக்சிக்காரர் மூன்று மணிக்கு மேல் அங்கே நிற்கவே மாட்டேன் என்றார். இன்னொருவர் சம்மதித்துவிட்டு, இரவு போன் செய்து மறுத்துவிட்டார். பேய் பயமா, இருட்டில் அந்தச் சாலையில் வர பயமா தெரியவில்லை. ஆப்பில் பார்த்தால் போகும் வண்டி மட்டும் காட்டுகிறது.

இருட்டிய பிறகு உள்ளே இருக்கும் திட்டம் எதுவும் இல்லை. சூரியன் மறைந்த பிறகு உள்ளே போகக் கூடாது என்று தொல்லியல் துறை பலகையே வைத்திருக்கிறது. மந்திரவாதி சாபக் கதையைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு ஆர்வம், தம்பிக்குத்தான் உதறல்! எனக்கு வேண்டியது கோட்டைக்குள் இருக்கும் கோபிநாத் கோவில் மேல் விழும் சாய்வெயில். இப்போது டிசம்பர், ஐந்தரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஐந்து மணிக்கு வாசலை விட்டு வெளியே வந்தால் போதும்.

ரயிலில் கோட்டைக்குப் பக்கத்து ஊரான தௌசா வரை போய், அங்கிருந்து ஆட்டோ அல்லது ஜீப் பிடிக்கலாமா என்றும் யோசித்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் ரொம்ப நேரம் ரோட்டில் காத்திருக்க முடியாது.

தௌசாவில் வண்டி பேசி, ஐந்து மணி வரை காத்திருக்க வைத்துத் திரும்பியவர் யாராவது இருக்கிறீர்களா, எவ்வளவு கேட்டார்கள்?