தூத்துக்குடிப் பவளப்பாறை அழிந்தது கல் வெட்டியதாலா, கடல் சூடானதாலா?

வேம்பார் மருமகள்:
தூத்துக்குடியில் எங்க மாமனார் வீடு நூறு வருஷத்துக்கு மேல் பழசு. போன மழையில் பின்சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. பார்த்தால் உள்ளே செங்கல் இல்லை, கடல்கல்! கல் முழுக்கப் பூப்பூவாகச் சின்னச் சின்னக் குழிகள். இப்படி வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவில் பவளம் அழிந்தது என்கிறார் கொழுந்தனார். பேப்பரிலோ கடல் சூடாகித்தான் வெளுக்கிறது என்று போடுகிறார்கள். எது உண்மை? கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

சங்குகுளி:
தங்கச்சி, நான் சங்கு குளிக்கிறவன். இந்தப் பார்களை, அதாவது கடலடிப் பவளப்பாறைத் திட்டுகளைச் சின்ன வயசுல இருந்து பார்த்துட்டு வர்றேன். ரெண்டும் உண்மைதான், ஆனா ரெண்டும் வேற வேற சேதாரம்.

நான் சின்னப்பையனா இருந்தப்ப வல்லம் வல்லமா கல் வந்து இறங்கும். கடப்பாரையால நெம்பி எடுப்பாங்க. வீடு கட்ட, சுண்ணாம்புக் காளவாய்க்கு, ஆலைக்குன்னு போகும். பார்தான் அலையைத் தாங்குது, அதை எடுத்துட்டா தீவு நிக்காது. மன்னார் வளைகுடாவோட 21 தீவுல பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணிக்குள்ள போயிருச்சு. வான் தீவு 1986-ல 16 ஹெக்டேர் இருந்தது, 2015 வாக்குல 2 ஹெக்டேர்கூடத் தேறலை. 2001-ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் கெடுபிடி கூடிச்சு, வெட்டுறவங்களுக்கும் மனசுல பயம் வந்துச்சு, கொஞ்ச நாள்ல வெட்டு நின்னுபோச்சு. நின்ன இடத்துல மான்கொம்புப் பவளம் விரல்நீளத்துக்குத் துளிர் விட்டிருந்ததைப் பார்த்தப்ப எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சூடு அப்படி இல்லை. சித்திரை, வைகாசியில காத்து விழுந்து கடல் அசையாம கிடக்கும். அப்ப தண்ணி 31, 32 டிகிரிக்குப் போயிரும். பவளப் பூச்சியோட உடம்புக்குள்ள நுண்பாசி குடியிருக்கு. வெயிலை வச்சு அது ஆக்குற சாப்பாட்டுலதான் பூச்சி பிழைக்குது, நிறமும் அந்தப் பாசி கொடுக்கிறதுதான். சூடு வாரக்கணக்கா இறங்கலைன்னா பூச்சி பாசியை வெளியே தள்ளிரும். அந்த வெள்ளையைப் பார்த்து நிறைய பேர் செத்துருச்சுன்னு நினைக்கிறாங்க. இல்லை. கிட்ட போய்ப் பாருங்க, வெள்ளை எலும்பு மேல கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் மெல்லிசா சதை இருக்கும். உயிரோட பட்டினி கிடக்கு. கச்சான்னு சொல்ற தென்மேற்குக் காத்து எழும்பித் தண்ணி ஆறிட்டா பாசி திரும்பிரும். ஆறலைன்னா சதை கரைஞ்சு, மேல பச்சையா அழுக்குப்பாசி படியும். அதுக்கப்புறம் பவளத்தை நம்பி வாழ்ற மீனெல்லாம் குறைஞ்சுரும்.

1998, 2010, 2016, மூணு தடவையும் இங்கே பெரிய வெளுப்பு. 2016-ல உயிர்ப்பவளம் 39 சதவீதத்துல இருந்து 23-க்கு இறங்கிருச்சுன்னு கணக்கெடுத்தாங்க. ஒரே ஒரு கோடை! கடப்பாரை படாத கல்லும் சேர்ந்துதான் வெளுத்துச்சு.

சாத்தூர் ராஜா:
அண்ணாச்சி, நீங்க சொன்ன மூணுமே எல் நினோவை, அதாவது சில வருஷத்துக்கு ஒருதடவை பசிபிக் கடல் சூடாகுறதை ஒட்டிய வருஷங்கள். அது இயற்கையா வர்றதுதானே? மனுஷன் மேல ஏன் பழி போடணும்?

இயற்பியல் வாத்தியார்:
ராஜா, எல் நினோ காலங்காலமாக வருகிறது. ஆனால் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் பவளம் வெளுத்ததாகப் பதிவானது முதன்முதலில் 1998-ல்தான். பிறகு 2010, அடுத்து 2014 முதல் 2017 வரை. நான்காவதை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். முதல் இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு வருஷம்; அதற்குப் பிறகு அவ்வளவு நீண்ட இடைவெளியே விழவில்லை என்பதைக் கவனியுங்கள். எல் நினோ வராத வருஷத்திலும் கடலின் வெப்பம் முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கிறது, அதற்கு மேல்தான் எல் நினோவின் சூடு ஏறுகிறது.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு. ஹவாயின் மௌனா லோவாவில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இது நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வந்தது என்பதற்குக் கார்பனிலேயே தடயம் இருக்கிறது. கார்பன்-14 என்பது நாளாக ஆகச் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன்; மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டு கிடந்த எரிபொருளில் அது மிஞ்சியிருக்காது. அதை எரிக்க எரிக்க, காற்றில் கார்பன்-14-இன் பங்கு நீர்த்துப்போகிறது. கரியமில வாயு வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்துவைக்கிறது. இப்படிச் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குத்தான் போகிறது.

வேம்பார் மருமகள்:
ரொம்ப நன்றி. அப்போ எங்க சுவரில் இருந்து பெயர்ந்த கல்லை எடுத்துக் கடலில் போட்டால் குஞ்சுப் பவளம் ஒட்டி வளருமா?

சங்குகுளி:
வேண்டாம் தங்கச்சி. அது தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம எதையும் போடக்கூடாது. வான் தீவுப் பக்கம் அலையை மட்டுப்படுத்த கான்கிரீட் பாறை இறக்கியிருக்காங்க. வேற இடங்கள்ல உயிர்ப்பவளத் துண்டைச் சிமென்ட் பலகையில கட்டி வளர்க்கிறாங்க. அந்த வேலையை மதிக்கிறேன், ஆனா அது வெட்டுன காயத்துக்குத்தான் மருந்து. தண்ணி கொதிச்சா நட்டு வச்ச துண்டும் வெளுக்கத்தான் செய்யும். எரிக்கிறது குறையணும். நம்ம ஊர் அனல்மின் நிலையமும் அதுல சேர்த்தி.

கல்லைச் சுவர்லயே திரும்பப் பதிச்சிருங்க. சிமென்ட் பூசாதீங்க, ஈரத்தை உள்ளேயே பிடிச்சு வச்சுக் கல்லை அரிச்சிரும். சுண்ணாம்புக் கலவை அரைக்கத் தெரிஞ்ச கொத்தனார் இன்னும் நம்ம பக்கம் இருக்காங்க, விசாரிச்சுப் பாருங்க.