செகண்ட் ஹேண்ட் கிளாசிக் 350: சைலன்சர் சத்தத்தைக் குறைக்க என்ன வழி?

கோவை சவாரி:
2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் ஒன்று வாங்கினேன். இஞ்சின் அருமை. ஆனால் முன்னால் வைத்திருந்தவர் லாங் பாட்டில் (வெளிக்கடையில் விற்கும், சத்தம் அதிகமான நீள) சைலன்சர் மாட்டியிருக்கிறார், கம்பெனி சைலன்சர் எங்கே என்றால் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டாராம். எனக்கு ஷிப்ட் வேலை, விடிவதற்கு முன்பே கிளம்பணும், எதிர்வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறேன். ஆக்சிலரேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிக்கவும் செய்கிறது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை உள்ளே திணித்தால் அடங்கிவிடும் என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக். செய்யலாமா?

பட்டறைக்காரன்:
கம்பி நார் வேண்டவே வேண்டாம் தம்பி. கொஞ்ச நாள் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும், அப்புறம் சூட்டில் பொடிந்து பின்னால் வருகிறவர் மேல் பறக்கும், இல்லையென்றால் ஒரே இடத்தில் கட்டியாகச் சேர்ந்து புகை போகிற வழியை அடைக்கும். அடைத்தால் வண்டி இழுக்காது, இஞ்சினும் சூடேறும்.

முதலில் அந்த வெடிப்பைப் பாருங்கள். பென்ட் பைப் (இஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய்) இஞ்சினோடு சேரும் இடத்தில், புகை கசியாமல் அடைக்கும் ஒரு கேஸ்கெட் உண்டு, சைலன்சர் மாற்றுகிறவர்கள் பழையதையே திரும்ப வைத்து இறுக்கிவிடுவார்கள். அது லீக் ஆனால் வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோல் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். வண்டி ஆறியிருக்கும்போது மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்து பாருங்கள், லீக் இருந்தால் நுரை தள்ளும். மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலும் அதேதான். பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்பையும் விடாதீர்கள்.

அடுத்து சைலன்சர். லாங் பாட்டில் பெரும்பாலும் கிளாஸ் வூல் ரகம்: நடுவில் பொத்தல் போட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, வெளியே கூடு. சத்தம் பொத்தல் வழியாகப் பஞ்சுக்குள் போய்த் தேய்ந்துவிடும். பஞ்சு நாள்பட நாள்படக் கருகி உதிர்ந்து புகையோடு போய்விட்டால் மிச்சம் இருப்பது வெறும் தகரக் குடம். தட்டிப் பாருங்கள், பஞ்சு இருந்தால் மொத்தென்று கேட்கும், போயிருந்தால் கணகண என்னும். ரிவெட்டை டிரில் செய்து கழற்றி, சைலன்சருக்கென்றே விற்கும் பஞ்சைச் சீராகச் சுற்றி மூடலாம். ரொம்ப இறுக்கித் திணித்தாலும் சத்தத்தை உறிஞ்சாது, தளர விட்டாலும் சீக்கிரம் பறந்துவிடும். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம், அந்தத் தூசி அரிப்பெடுக்கும். கூடு வெல்டிங் வைத்து மூடியதாக இருந்தால் லேத் பட்டறையில்தான் கொடுக்கணும்.

ஸ்டாக் பிரியன்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் பஞ்சு மாற்றினாலும் அது கம்பெனி சைலன்சர் ஆகிவிடாது. கம்பெனிக்காரன் உள்ளே அறை அறையாகத் தடுத்து, அலையோடு அலையை மோதவிட்டு சத்தத்தைக் கொல்கிறான். இந்த இஞ்சினின் அடித்தொண்டைச் சத்தம் வெறும் பஞ்சுக்கு அவ்வளவாக மசியாது.

சட்டமும் இருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு, தயாரிக்கும்போதே உள்ள வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்தம் சம்பந்தப்பட்ட விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, லைசென்ஸும் 3 மாதம் போகும். பிடித்த சைலன்சர்களை ரோட்டில் அடுக்கி ரோலர் ஏற்றுகிற வீடியோ எல்லாரும் பார்த்ததுதான். முன்னவர் மாட்டியது என்று சொன்னால் விடமாட்டார்கள், ஓட்டுகிறவர்தான் மாட்டுவார்.

ஷோரூமிலிருந்து நேராக சைலன்சர் கடைக்குப் போகிற கூட்டம் இருக்கும்வரை, கீறல் விழாத கம்பெனி சைலன்சருக்குப் பஞ்சமே இல்லை. செகண்ட் ஹேண்ட் ஆப்களில் தேடுங்கள், சென்னைப் பக்கம் போனால் புதுப்பேட்டை. உங்களுடையது கார்புரேட்டர் வண்டி, 2020-இல் வந்த பிஎஸ்6 (புதுப் புகை விதிப்படி வந்த, இன்ஜெக்‌ஷன்) மாடலுடையதைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். அடிப்பக்கம் துரு ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ராத்திரி டூட்டி:
அதுவரைக்கும் சத்தத்தைக் குறைக்கிற டிபி (டெசிபல்) கில்லர் போடலாமே? சைலன்சரின் பின்வாயில் சின்னக் குழாய் மாதிரி நுழைந்து ஒரு போல்ட்டில் நிற்கும். வாய் அளவைச் சரியாக அளந்து வாங்கணும், லூசாக இருந்தால் கடகடவென்று அது தனியாக ஒரு சத்தம்.

கோவை சவாரி:
எல்லாருக்கும் நன்றி. மூட்டில் நல்ல கரி, நுரையும் தள்ளியது. புது கேஸ்கெட் போட்டதும் வெடிப்பு முக்கால்வாசி நின்றுவிட்டது. சைலன்சரைத் தட்டினால் கணகணதான். கம்பெனி சைலன்சர் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். அதை மாட்டினால் கார்புரேட்டரில் ஏதாவது மாற்றணுமா?

பட்டறைக்காரன்:
முன்னவர் சைலன்சரோடு பெரிய ஜெட்டும் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவாகப் போகும் சின்னத் துளைத் திருகு) போட்டிருந்தால் மாற்றணும், இல்லையென்றால் பெட்ரோலை ஊற்றிக் குடிக்கும். மாட்டிக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனி நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் எதையும் தொட வேண்டாம், காய்ந்த கரியாக அப்பியிருந்தால் ஜெட் நம்பரைப் பார்த்து இங்கே போடுங்கள்.