டிஃபெண்டரை அணைத்தால் நொடிக்கு 12 ஃப்ரேம் (திரையில் ஓடும் படம்) கூடுமாம்! யார் கிளப்பிவிட்டது இதை?

ஓடுபாதை_07:
நேற்று இரவு பக்கத்துத் திரியில் கேப்டன்_கந்தசாமி அண்ணன் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு, சுருக்கமாக சிம்) பற்றி ஓர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "ஃப்ளைட் சிமுலேட்டர் திக்குகிறதா? விண்டோஸ் டிஃபெண்டரை முழுசாக அணைத்துவிடுங்கள். எனக்கு 12 ஃப்ரேம் கூடியது. பேங்க் வேலையெல்லாம் மொபைலில் செய்பவனுக்குக் கணினியில் ஆன்டிவைரஸ் எதற்கு?" கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

கணினி சர்வீஸ் கடை வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. இப்படி யார் பேச்சையோ கேட்டு அணைத்துவிட்டு வந்தவர்களின் ஹார்டு டிஸ்க்கைத் துடைத்துத் துடைத்தே என் கைரேகை தேய்ந்துவிட்டது. அந்த 12 ஃப்ரேம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லட்டும். டெவலப்பர் மோடில் ஃப்ரேம் கவுண்டரைத் திறந்தால் முட்டுக்கட்டை எது என்று சிம்மே எழுதிக் காட்டும். பெரிய விமான நிலையத்தில் நின்றால் பெரும்பாலும் "மெயின்த்ரெட்" என்றுதான் வரும், அதாவது ப்ராசஸரில் சிம்மின் முக்கிய வேலைகள் ஓடும் ஒற்றைத் தடம். விமானத்தின் சிஸ்டம், மற்ற விமானங்கள், தரை விவரம் எல்லாம் அந்த ஒரே வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. டிஃபெண்டர் அந்த வரிசையிலேயே இல்லை. கோப்பைத் திறக்கும்போது மோந்து பார்ப்பதுதான் அதன் வேலை. சிம் ஏறும் (லோட் ஆகும்) நேரம் கொஞ்சம் கூடும், அதை ஒத்துக்கொள்கிறேன். 35,000 அடியில் சும்மா பறந்துகொண்டிருக்கும்போது 12 ஃப்ரேமை அது எப்படித் தின்னும்?

கேப்டன்_கந்தசாமி:
தம்பி, என் கணினி, என் கண், என் கவுண்டர். அணைப்பதற்கு முன் 26, அணைத்த பின் 38. கழித்துப் பாருங்கள், கடையில் கால்குலேட்டர் இருக்கும். 2006ல் எஃப்எஸ்எக்ஸ் (இதே சிம்மின் பழைய பதிப்பு) வந்த நாளிலிருந்து ஓட்டுகிறேன் நான். 32 பிட், 4 ஜிபி நினைவகம் நிரம்பினால் ரன்வே கண்ணில் படும் நேரம் பார்த்து டிங் டிங் என்று மணியடித்துச் சாகும். அதையே மேய்த்தவனுக்கு ஃப்ரேம் பாடம் எடுக்கிறீர்கள்.

மீனம்பாக்கம்_மேகம்:
ஒரு சின்னக் கேள்வி. "அணைப்பது" என்றால் இங்கே எதைச் சொல்கிறோம்? ரியல் டைம் ப்ரொடெக்‌ஷனையா, ஒரு ஃபோல்டரை மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்குவதையா, இல்லை கோர் ஐசொலேஷனில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டியையா? மூன்றும் வேறு வேறு: முதலாவது கோப்புகளை உடனுக்குடன் சோதிப்பது, கடைசியானது விண்டோஸின் உட்கருவில் கெட்ட நிரல் நுழையாமல் காப்பது. "12 ஃப்ரேம்" என்பது சராசரியா, அதிகபட்சமா? இதைச் சொல்லிவிட்டுச் சண்டை போட்டால் படிக்கிறவர்களுக்கு உதவும்.

ஓடுபாதை_07:
26லிருந்து 38 ஆமே! கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி கூடியிருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு விற்கிறவனெல்லாம் கடையை மூடிவிட்டுக் காசிக்குப் போகலாம்.

சரி அண்ணே, ஒன்று கேட்கிறேன். செட்டிங்ஸில் ரியல் டைம் ப்ரொடெக்‌ஷனை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் அதுவாகவே திரும்ப வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் அப்படித்தான் வைத்திருக்கிறது. நீங்கள் சென்னையில் ஏறி டில்லி போய் இறங்குவதற்குள் அது விழித்துக்கொண்டிருக்குமே. அந்த 12 ஃப்ரேம் நாக்பூர் மேலே உதிர்ந்ததா?

கேப்டன்_கந்தசாமி:
அது தெரியாமலா இருப்போம்? டிஃபெண்டர் அமைப்பை யாரும் மாற்றவிடாமல் காக்கும் டேம்பர் ப்ரொடெக்‌ஷனை முதலில் அணைத்துவிட்டு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினேன். ரீஸ்டார்ட் செய்தாலும் வராது. ஒரு வீடியோவின் கீழே இணைப்பு இருந்தது, லட்சம் பேர் பார்த்த வீடியோ.

ஓடுபாதை_07:
ஐயோ.

எவனோ எழுதிய ஸ்கிரிப்டை, அட்மின் உரிமை கொடுத்து, காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு ஓட்டியிருக்கிறார். வீட்டைப் பூட்டிச் சாவியைத் திருடன் கையிலேயே கொடுத்துவிட்டு, "ஹால் இப்போது விசாலமாக இருக்கிறது" என்கிறார்.

நான் ஏன் கத்துகிறேன் என்று புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2018 பிப்ரவரி. ஃப்ளைட் சிம் லேப்ஸ் என்ற நிறுவனத்தின் ஏ320 விமான ஆட்-ஆன் (சிம்மில் தனியாகச் சேர்க்கும் பாகம்). நூறு டாலர் பக்கம் விலை. அதன் இன்ஸ்டாலருக்குள் "டெஸ்ட்" என்று பேர் வைத்து ஓர் எக்ஸி கோப்பு கிடந்தது. குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை உருவுகிற கருவி அது. அம்பலமானதும், திருட்டு சீரியல் எண் போட்டவர்களிடம் மட்டும்தான் அதை இயக்குவோம் என்று விளக்கம் சொன்னார்கள். ஆனால் கோப்பு காசு கொடுத்து வாங்கியவன் கணினியிலும்தானே இறங்கியது? அப்புறம் அதை நீக்கிப் புது இன்ஸ்டாலர் போட்டார்கள். பேர் பெற்ற கம்பெனி கதையே இது. ஊர் பேர் தெரியாத ஆள் போடும் இலவச சீனரியை நம்பி டிஃபெண்டரை அணைக்கச் சொல்கிறார் நம் கேப்டன். எதற்கு? 12 ஃப்ரேமுக்கு! அதுவும் வராத 12 ஃப்ரேமுக்கு!

கேப்டன்_கந்தசாமி:
திருடனைப் பிடிக்க வைத்த பொறி அது. திருட்டு சீரியல் போடாதவனுக்கு என்ன பயம்? உங்கள் கடையில் எத்தனை கணினிக்கு ஒரிஜினல் விண்டோஸ் போட்டுத் தருகிறீர்கள் என்று கேட்கவா?

ஓடுபாதை_07:
கேளுங்கள். ரசீதோடு காட்டுகிறேன். பேச்சை மாற்ற வேண்டாம், 12 ஃப்ரேமுக்கு வாருங்கள்.

எக்ஸ்பிளேன்_வெறியன்:
எங்கள் எக்ஸ்-பிளேன் சிம்முக்கு வந்துவிடுங்கள் எல்லோரும். 2020ல் 11.50 பதிப்பில் வல்கன் (புது கிராஃபிக்ஸ் முறை) வந்ததிலிருந்து இந்தத் திக்கல் கவலையே இல்லை. டிஃபெண்டர் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன. அதை உருவாக்கிய ஆஸ்டின் மேயர் விமானம் ஓட்டுகிற மனிதர், இறக்கையில் காற்று எப்படிப் படுகிறது என்று துண்டு துண்டாகக் கணக்கு போட்டு எழுதியவர். உங்களுடையது சாட்டிலைட் போட்டோ ஆல்பம்.

கேப்டன்_கந்தசாமி:
ஆல்பமா? உங்கள் சென்னையில் மெரினா இருக்கிறதா முதலில்? காலி மைதானத்தில் நாலு ஐரோப்பிய வீடு முளைத்து நிற்கும்.

எக்ஸ்பிளேன்_வெறியன்:
ஆர்த்தோ சீனரி (வான்வழிப் படங்களால் ஆன நிலக்காட்சி) போட்டால் மெரினாவும் வரும், சுண்டல் வண்டியும் வரும். உங்களுக்கு நெட் போனால் சென்னையே போய்விடும்.

ஓடுபாதை_07:
வெறியன் தம்பி, நீங்கள் குதிக்க வேண்டாம். உங்கள் எக்ஸ்-பிளேன் ப்ளகின் எல்லாம் நேரடியாக விண்டோஸில் ஓடும் நேட்டிவ் கோடு. விண்டோஸில் டிஎல்எல் (நிரல் கோப்பு) என்ன செய்யுமோ அதை அத்தனையும் செய்யும், தடுப்புச் சுவர் ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கம் சிம்முக்குள் ஓடும் மாட்யூல்களாவது வெப்அசெம்ப்ளி, ஒரு வேலிக்குள் ஓடுகின்றன.

கேப்டன்_கந்தசாமி:
பிடித்துக்கொண்டேன்! நீங்களே சொல்லிவிட்டீர்கள், வேலிக்குள் ஓடுகிறது என்று. வேலி இருக்கும்போது காவல்காரன் எதற்கு? 2018 கதை எஃப்எஸ்எக்ஸ், ப்ரீபார்3டி என்ற பழைய சிம்களின் காலத்துக் கதை. நான் சொன்னது சரிதான், 12 ஃப்ரேமும் சரிதான்.

ஓடுபாதை_07:
இன்ஸ்டாலர் வேலிக்குள்ளா ஓடுகிறது? வாங்கும் ஆட்-ஆனில் பாதிக்கு வெளியிலிருந்து சிம்கனெக்ட் என்ற இணைப்பு வழியாகச் சிம்மோடு பேசுகிற தனி எக்ஸி உண்டு. சிம்மைத் தொடங்கினால் தானும் கூடவே எழுந்துகொள்ளும்படி தன் பேரை எக்ஸி-எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். அதைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா எப்போதாவது? எனக்குப் பதில் வேண்டாம், திறந்து மட்டும் பாருங்கள். போன வருடம் அழித்த ஆட்-ஆன் இன்னும் உட்கார்ந்திருக்கும்.

ஸ்டட்டர்_சரவணன்:
அண்ணன்மார்களே, எனக்கு உண்மையிலேயே பிரச்சினை இருக்கிறது. ஃப்ரேம் 40 காட்டுகிறது, ஆனால் இறங்கும்போது ஒரு நொடி உறைந்து உறைந்து போகிறது. 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060. கம்யூனிட்டி ஃபோல்டரை மட்டும் டிஃபெண்டரில் விலக்கினால் போதுமா? முழுசாக அணைக்கப் பயமாக இருக்கிறது.

ஓடுபாதை_07:
தம்பி, விலக்கவே கூடாத ஃபோல்டர் எது என்றால் அதுதான். வெளியிலிருந்து வருவது எல்லாம் அதில்தான் வந்து விழுகிறது. விலக்கியே தீருவேன் என்றால் ஸ்டோரிலிருந்து இறங்கும் அஃபிஷியல் ஃபோல்டரை விலக்குங்கள், அதுவும் ஏறும் நேரத்துக்காக மட்டும். ஃப்ரேம் கூடாது. உங்களுக்குச் செய்ய வேண்டியது வேறு: டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயில் (தரை விவர அளவு) 200ல் இருந்தால் 100க்கு இறக்குங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருக்கிறதா பாருங்கள். 3200 ராம் வாங்கி 2133ல் ஓட்டுகிற கணினி வாரத்துக்கு ஒன்று என் மேஜைக்கு வருகிறது. 16 ஜிபி போதாது, 32 ஆக்குங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவில் ஏறிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். உண்மையாகவே ஃப்ரேம் வேண்டுமென்றால் ரைசன் 5800எக்ஸ்3டி ப்ராசஸர். 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), மெயின்த்ரெட்டுக்கு அது விருந்து.

கேப்டன்_கந்தசாமி:
காசா? நீங்கள் தருவீர்களா? இலவசமாக 12 ஃப்ரேம் கிடைக்கிறபோது பையனைக் கடைக்கு இழுக்கிறார் பாருங்கள். வியாபாரம்! இப்போது புரிகிறது எதற்கு இந்தக் கோபம் என்று. அப்புறம் சரவணன், ரோலிங் கேஷ் (இறக்கிய நிலக்காட்சியைச் சேமிக்கும் கோப்பு) நொடிக்கு நொடி எழுதப்படுகிறது. எழுதுகிற ஒவ்வொரு முறையும் டிஃபெண்டர் மூக்கை நுழைக்கிறது. உறைவது அதனால்தான்.

ஓடுபாதை_07:
ரோலிங் கேஷ் என்பது ஒரே ஒரு பெரிய கோப்பு. 2020 சிம்மில் கேட்காமலே 8 ஜிபி ஒதுக்கும். சிம் அதைத் திறந்தபடியே வைத்து உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஸ்கேன் நடந்தால் விண்டோஸில் எந்த டேட்டாபேஸும் ஓடாது.

வியாபாரம் என்கிறீர்கள். சரி, பழைய கணக்கைத் திறப்போம். 2021 ஜூலையில் சிம் அப்டேட் 5 வந்தது. எல்லோருக்கும் ஃப்ரேம் எகிறியது. அன்றைக்கு இங்கே வந்து "நான் பேஜ்ஃபைலை (ராம் நிரம்பினால் டிஸ்க்கில் கைகொடுக்கும் கோப்பு) அணைத்தேன், அதனால்தான் கூடியது" என்று எழுதியவர் யார்? அதைப் படித்துவிட்டு அணைத்த நாலு பேருக்கு நடுவானில் சிம் மூடிக்கொண்டது. அவர்களுக்கு இரவு ஒரு மணிவரை போனில் பதில் சொன்னது யார்?

கேப்டன்_கந்தசாமி:
பழசைக் கிளறுகிறவர் எனக்கு விற்ற யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) ஞாபகம் இருக்கிறதா? "லேசாகப் பயன்படுத்தியது" என்றீர்கள். இடது பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது இன்றுவரை. நேராக டாக்ஸி செய்ய முடியவில்லை.

ஓடுபாதை_07:
டெட் சோன் (நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) வைக்கச் சொன்னேன். வைத்தீர்களா? அப்புறம், டாக்ஸி செய்வது (தரையில் உருட்டிச் செல்வது) யோக்கில் அல்ல, ரடர் பெடலில். கேப்டன் என்று பேர் வைத்திருக்கிறார்.

நிர்வாகி:
இருவரும் தலைப்புக்குள் பேசுங்கள். யோக் பஞ்சாயத்துக்கு விற்பனைத் திரி இருக்கிறது.

கேப்டன்_கந்தசாமி:
தலைப்புக்கே வருகிறேன். மைக்ரோசாஃப்டே 2022 அக்டோபரில் சொன்னது: விளையாடும்போது பாதுகாப்பை அணைத்தால் வேகம் கூடும் என்று. கம்பெனிக்காரனே சொல்லிவிட்டான், சர்வீஸ் கடைக்காரர் இல்லை என்கிறார்.

ஓடுபாதை_07:
அந்தப் பக்கத்தைப் படித்தீர்களா, தலைப்பை மட்டும் பார்த்தீர்களா? விண்டோஸ் 11ல் மெமரி இன்டெக்ரிட்டி, வர்ச்சுவல் மெஷின் ப்ளாட்ஃபார்ம் இரண்டையும் பற்றிச் சொன்னது அது. விளையாடி முடித்ததும் திரும்பப் போடலாம், அணைத்து வைத்தால் ஆபத்துக்கு இடமுண்டு என்றும் அதிலேயே இருக்கிறது. டிஃபெண்டரை அணை என்று எங்கே இருக்கிறது? வரியைக் காட்டுங்கள்.

மீனம்பாக்கம்_மேகம்:
இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே

கேப்டன்_கந்தசாமி:
எல்லாம் ஒன்றுதான் தம்பி. அதையும்தான் அணைத்தேன், இதையும்தான் அணைத்தேன். ஒரே நாளில்.

ஓடுபாதை_07:
என்ன சொன்னீர்கள்? மெமரி இன்டெக்ரிட்டியையும் அன்றைக்கே அணைத்தீர்களா? ப்ராசஸர் என்ன?

கேப்டன்_கந்தசாமி:
ஐ7 6700கே. சிங்கம் மாதிரி ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏற்காது என்றார்கள், குறுக்கு வழியில் போட்டுவிட்டேன். செக்யூரிட்டியில் மஞ்சள் முக்கோணம் வந்து உறுத்தியது, பச்சை டிக் வரட்டும் என்று நானே மெமரி இன்டெக்ரிட்டியைப் போட்டு வைத்திருந்தேன்.

ஓடுபாதை_07:
நிர்வாகி அவர்களே, இந்தப் பதிவை அவர் திருத்த முடியாதபடி பூட்டி வையுங்கள்.

இன்டெலில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் மெமரி இன்டெக்ரிட்டிக்குச் சிப்பிலேயே துணை இருக்கிறது. 6700கே ஆறாம் தலைமுறை, 2015ல் வந்தது. அதில் இந்த வேலையை விண்டோஸ் மென்பொருளாலேயே நடித்துக் காட்ட வேண்டும், வேகம் அடிவாங்கும். ஆகவே அண்ணன் பெற்ற ஃப்ரேம், அண்ணனே முன்பு தொலைத்த ஃப்ரேம். டிஃபெண்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! டிஃபெண்டரைத் திரும்பப் போடுங்கள், 38 அப்படியே இருக்கும்.

கேப்டன்_கந்தசாமி:
இருக்காது.

ஓடுபாதை_07:
போட்டுப் பார்த்தீர்களா?

கேப்டன்_கந்தசாமி:
பார்க்க வேண்டியதில்லை. அனுபவம் என்று ஒன்று இருக்கிறது.

எக்ஸ்பிளேன்_வெறியன்:
ஒரு தகவலுக்கு: 38 ஃப்ரேம் என்பது எங்கள் பக்கம் லேப்டாப்பில் வரும்.

ஓடுபாதை_07:
ஒரே விமானம், ஒரே கேட், ஒரே நேரம், ஒரே வானிலை. ஒன்றை மட்டும் மாற்றி மூன்று முறை அளந்து போடுங்கள். அதற்குப் பேர்தான் சோதனை. சென்னையில் 07 ஓடுபாதையில் நின்றுகொண்டு, மேகமே இல்லாத வானிலை வைத்து, ட்ராஃபிக்கை அணைத்து அளங்கள். முன்பு அளந்தது எந்த வானிலையில்?

கேப்டன்_கந்தசாமி:
லைவ் வெதர்தான். வேறென்ன வைப்பார்கள்? முதல் நாள் நல்ல மழை, மறுநாள் வெறிச்சென்று இருந்தது.

ஓடுபாதை_07:
மழையில் 26! வெறும் வானத்தில் 38! சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும் நான்.

கேப்டன்_கந்தசாமி:
மழை பெய்தாலும் 12தான், வெயில் அடித்தாலும் 12தான். இன்றைக்குக் காலையில் பார்த்தேன், 14 கூடியிருக்கிறது.

ஸ்டட்டர்_சரவணன்:
எக்ஸ்எம்பி போட்டேன், இப்போது கணினியே ஆன் ஆகவில்லை. யாராவது இருக்கிறீர்களா?

ஓடுபாதை_07:
14ஆ? நேற்றுவரை 12 என்றீர்களே, அந்த 2 எங்கிருந்து வந்தது?

கேப்டன்_கந்தசாமி:
யோக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.