ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இடது முன்சக்கரத்தில் புகை: காலிபரையே மாற்ற வேண்டுமா?

மலைக்கணக்கன்:
வணக்கம். பதினொரு வயதான பெட்ரோல் கார், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வீடு சேலம் அஸ்தம்பட்டியில், வேலை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில். ஐப்பசி மழை முழுவதும் வண்டி தோட்டத்துக் கொட்டகையிலேயே நின்றது. போன சனிக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரம் சேர்ந்தபோது இடது முன்சக்கரத்தில் கருகல் வாடை, பிறகு புகை. கடைசி வளைவுகளில் பிரேக் பெடல் பஞ்சு போல் உள்ளே போனது; அரை மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு பழையபடி ஆகிவிட்டது.

இன்னொன்று. பிரேக்கைத் தொடாமல் ஓட்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. அழுத்தி மிதித்தால் வலப்பக்கம் போகிறது. இது என்ன கூத்து?

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றாமலேயே, "காலிபர் (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஜாம், இரண்டு பக்கமும் புதிது போட்டுவிடலாம்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையில் என் பாதி மாதச் சம்பளம் போய்விடும்.

கோரிமேட்டான்:
அண்ணா, பயப்படாதீர்கள். அடுத்த முறை சூடானால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். காலிபர் மேல் துருநீக்கும் எண்ணெய் அடித்தால் இளகிவிடும்.

பழைய ஸ்பேனர்:
இரண்டையும் செய்துவிடாதீர்கள் தம்பி. கொதிக்கும் டிஸ்கில் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். டிஸ்கை உரசி நிறுத்தும் பேடில் எண்ணெய் இறங்கினால் பிரேக் பிடிக்காது. அப்புறம் மலை இறங்குவது எப்படி?

பெடல் பஞ்சானதற்குக் காரணம் சூடு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 தான். கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி. மிதிப்பது முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் பெடல் சரியானது அதனால்தான். எப்படியும் ஆயிலை மாற்றுங்கள்.

சக்கரம் ஏன் பிடித்துக்கொண்டது என்பது வேறு கேள்வி. சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலையை நீட்டாதீர்கள். ஒருவரைப் பிரேக்கை மிதித்து விடச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிபரின் நிப்பிளை (ஆயில் வெளியேற்றும் திருகு) கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீச்சி, சக்கரமும் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது: ரப்பர் ஹோஸ் உட்புறம் உரிந்து அடைத்திருக்கும், அல்லது பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு. அப்படியிருந்தால் புதுக் காலிபர் வாங்குவது வீண் செலவு. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடுபடவில்லை என்றால் பேடைத் தள்ளும் பிஸ்டனோ, காலிபர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்னோ சிக்கியிருக்கிறது. பேட் இரண்டையும் கழற்றித் தடிமன் பார்த்துச் சொல்லுங்கள்.

மலைக்கணக்கன்:
ஐயா, ஞாயிற்றுக்கிழமை மைத்துனரை வைத்துக்கொண்டு பார்த்தேன். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை. உள்பக்கப் பேட் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப்பக்கம் 7 இருக்கிறது. மேல் பின் கையோடு வந்தது. கீழ்ப் பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன். அதன் முனையில் உள்ள ரப்பர் உறை ஊறிய கொண்டைக்கடலை போல் உப்பியிருக்கிறது. பின் மேல் கறுப்பாகக் கிரீஸ்.

பழைய ஸ்பேனர்:
நோய் கிடைத்துவிட்டது. உங்கள் காலிபருக்குப் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள் பேடைத் தள்ள, காலிபர் உடம்பு பின்களில் வழுக்கிவந்து வெளிப் பேடை இழுத்து ஒட்டவைக்க வேண்டும். பின் சிக்கினால் உடம்பு நகராது. உள் பேட் மட்டும் தேயும். அழுத்தி மிதிக்கும்போது இடப்பக்கம் முழு வேலை செய்யாததால் வண்டி வலம் போகிறது. காலை எடுத்த பிறகு பேட் டிஸ்கை விடாததால் இடம் இழுக்கிறது. உங்கள் கூத்துக்கு விடை அதுதான்.

அந்தக் கறுப்புக் கிரீஸ், போன முறை பேட் மாற்றியவர் வீல் பேரிங்குக்குப் போடுவதையே தடவியிருக்கிறார் என்று சொல்கிறது. கனிம எண்ணெய்க் கிரீஸ் இந்த ரப்பரை உப்பவைத்துவிடும். பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்தான். மண்ணெண்ணெய், டீசல் வைத்துக் கழுவவும் கூடாது.

பிஸ்டனையும் சோதியுங்கள். பழைய பேடை வைத்து சி-கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். நிப்பிளைத் திறந்து, குழாய் மாட்டிப் புட்டியில் விட்டால் அழுக்கு ஆயில் மேலே மாஸ்டர் சிலிண்டருக்கு ஏறாது. சீராகப் போனால், தூசி ரப்பரும் கிழியாமல் இருந்தால், விட்டுவிடுங்கள். முரண்டு பிடித்தால் கழற்றித் துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள். குழி விழுந்த பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவது ஆபத்து. காலிபரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள், அந்த ஹோஸுக்கும் பதினொரு வயது.

கோரிமேட்டான்:
தண்ணீர் விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் ஓட்டுநராக ஒன்று சொல்லலாம் அல்லவா? ஏறிய கியரிலேயே இறங்குங்கள் அண்ணா. இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன் ஒரு மிதி, பிறகு விட்டுவிட வேண்டும். காலைப் பெடல் மேலேயே வைத்து இறங்கினால் நல்ல காலிபரும் சூடாகும்.

மலைக்கணக்கன்:
பிஸ்டன் சுலபமாகப் போனது. இரண்டு பக்கமும் பின், ரப்பர் தொகுதி, புதுப் பேட், டாட் 4 ஆயில் போட்டு, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் ஏர் எடுத்தோம். வலப்பக்கப் பின்னும் காய்ந்துதான் கிடந்தது. நேற்று ஏறி, இரண்டாம் கியரில் இறங்கினேன். அடிவாரத்தில் நிறுத்திக் கையை அருகில் நீட்டிப் பார்த்தேன், இரு சக்கரமும் ஒரே சூடு. இழுக்கவும் இல்லை. இடது டிஸ்கில் மட்டும் நீலமாக ஒரு வளையம் தெரிகிறது. மாற்ற வேண்டுமா ஐயா?

பழைய ஸ்பேனர்:
சூடு பட்ட தழும்பு. விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெடலில் அதிர்வு வருகிறதா? குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

மலைக்கணக்கன்:
அதிர்வு இல்லை, விரிசலும் தெரியவில்லை. அளப்பதற்கு வெர்னியர் கடன் கேட்டிருக்கிறேன்.