டல்லாஸ் பக்கம் நல்ல வக்கீல் தெரிந்தால் சொல்லுங்கள்

அண்ணன், அக்காமாருக்கு வணக்கம். கிரீன் கார்டில் இருக்கும் என் தம்பி, நண்பனுக்காகத் தன் பேரில் துப்பாக்கிகள் வாங்கிக் கொடுத்து மாட்டிக்கொண்டான். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் ‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்திருக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டும் விட்டான். 2022-இல் வந்த சட்டப்படி 15 வருடம் வரை சிறை. கிடைத்த பணம், குற்றத்துக்குப் பயன்பட்ட பொருள் எல்லாம் பறிமுதல். வந்த தொகையைப்போல் இரண்டு மடங்கு வரைகூட அபராதம் விதிக்கலாம்.

துப்பாக்கி வாங்க அவன் ஓட்டிப்போனது என் கார், டைட்டிலும் (உரிமைப் பத்திரம்) என் பேரில்தான். மகளின் கார் சீட் இன்னும் அதற்குள்ளேயே கிடக்கிறது. பறிமுதல் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் காருக்கு உரிமை கோரி மனு போடவேண்டும். 11 நாள் ஓடிவிட்டது. ஃபெடரல் பறிமுதல் வழக்கு நடத்திய வக்கீல் யாராவது தெரியுமா? குடியேற்றச் சட்டமும் தெரிந்தவராக இருந்தால் நல்லது. தம்பியை நாடு கடத்திவிடுவார்களோ என்று ஊரில் அம்மா தூங்குவதே இல்லை.