தண்ணீருக்குள் நின்ற கன்டர், சாவி போட்டால் ‘டக்’ என்று மட்டும் கேட்கிறது. என்ன செய்வது?

ஒட்டுசுட்டான் லொறி:
வணக்கம், டீசல் வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். என்னுடையது பழைய மிற்சுபிசி கன்டர் லொறி, 4டி33 எஞ்சின், டர்போ இல்லை. பெரும்போகத்துக்கு யூரியா ஏற்றி வந்துகொண்டிருந்தேன், முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்து உள்வீதியில் உள்ள தாழ்ந்த சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஓர் உழவு இயந்திரம் கடந்து போனது, நானும் பின்னால் இறக்கினேன். நடுப்பகுதியில் தண்ணீர் பம்பருக்கு மேலே வந்துவிட்டது, எஞ்சின் சத்தம் இறுகி, பட்டென்று நின்றது. அதே உழவு இயந்திரம்தான் இழுத்துக் கரையேற்றியது. யூரியா கரைந்தது வேறு கதை. இப்போது சாவி போட்டால் ஒரு ‘டக்’, அவ்வளவுதான், எஞ்சின் சுற்றவே இல்லை. லைட் நன்றாக எரிகிறது, அதனால் பற்றறி என்று நினைக்கவில்லை. ஸ்டாட்டருக்குள் தண்ணீர் போயிருக்குமா? கயிறு கட்டி இழுத்து கியரில் போட்டால் வேலை செய்யும் என்கிறார்கள் ஊரில். கன்டருக்குக் காற்று இழுக்கும் வாய் கபினுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் அந்த உயரத்துக்கு வரவில்லை, எனவே எஞ்சினுக்குள் போயிருக்காது என்பது என் எண்ணம்.

கிறீஸ்கை:
தம்பி, இழுத்து ஸ்டாட் பண்ண வேண்டாம். சாவியையும் தொட வேண்டாம், பற்றறி வயரைக் கழற்றி வையுங்கள். ஸ்டாட்டர் பிழை என்றால் பிறகு பார்க்கலாம், அது சின்னச் செலவு. நீங்கள் சொல்வதுபோல் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் தண்ணீருக்குள் பட்டென்று நின்று, பிறகு சுற்ற மறுக்கிறது என்றால் முதல் சந்தேகம் சிலிண்டருக்குள் தண்ணீர்.

கணக்கைப் பாருங்கள். 4டி33 என்பது 4.2 லீற்றர், ஒரு சிலிண்டருக்கு ஒரு லீற்றருக்குச் சற்று மேலே. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ 60 மில்லி லீற்றர்தான், அரைக் கோப்பைத் தேத்தண்ணியும் இல்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த அளவுக்கு மேல் தண்ணீர் உள்ளே இருக்கும்போது ஸ்டாட்டரோ இழுவையோ வலுக்கட்டாயமாகச் சுற்றினால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டான கொன்றொட் வளையும், இல்லையென்றால் சிலிண்டரின் மேல்மூடிக்கு (ஹெட்) அடியில் உள்ள ஹெட் காஸ்கெட் போகும். இழுவை இன்னும் மோசம், ஸ்டாட்டராவது சக்தி போதாமல் நின்றுவிடும், இழுபடும் லொறியின் முழுப் பாரம் நிற்காமல் தள்ளும்.

காற்று வாய் உயரத்தில் இருப்பது உண்மை. ஆனால் அங்கிருந்து எயார் பில்டருக்கு இறங்கும் ரப்பர் குழாயைக் கையால் மடித்துப் பாருங்கள், பழைய வண்டிகளில் மடிப்புக்குள் வெடித்திருக்கும். பில்டர் கூட்டின் அடியில் தூசி கொட்டுவதற்கு ஒரு சின்ன ரப்பர் வாய் இருக்கும், கிரவல் வீதியில் ஓடும் வண்டிகளில் அது கிழிந்தோ காணாமலோ போயிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. பில்டரைத் திறந்து பாருங்கள், கடதாசி நனைந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

விசுவமடு வயல்:
அது குளத்துத் தண்ணீர்தானே? வட்டுவாகல் பக்கம் நந்திக்கடல் தண்ணீர் என்றால் உவர், வயரிங், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் உடனே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டியிருக்கும். அப்புறம், முழுக் காப்புறுதி இருந்தால் ஒரு நட்டையும் கழற்ற முதல் அவர்களுக்கு அறிவியுங்கள், படம் எடுத்து வையுங்கள். மூன்றாம் தரப்பு மட்டும் என்றால் இதற்கு ஒன்றும் கிடைக்காது, நேரத்தை வீணாக்காமல் வேலையைத் தொடங்குங்கள்.

ஒட்டுசுட்டான் லொறி:
குளத்துத் தண்ணீர்தான். காப்புறுதி மூன்றாம் தரப்பு. பில்டர் பிழிந்தால் வடியும் அளவுக்கு ஈரம்! அடியில் நீங்கள் சொன்ன ரப்பர் வாய் இல்லவே இல்லை, ஓட்டை மட்டும் இருக்கிறது. இனி எப்படிச் செய்வது, வீட்டிலேயே செய்யலாமா?

கிறீஸ்கை:
செய்யலாம், கை பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாலு நொசிலையும் கழற்றுங்கள், எது எந்தச் சிலிண்டர் என்று அடையாளம் போட்டு. கியர் நியூட்ரல். முன் கிராங் புல்லி நட்டில் பெரிய சொக்கெற் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தண்ணீர் நொசில் ஓட்டையால் பீறும், ஓட்டைக்கு நேர் மேலே முகத்தை வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. எங்கேயாவது இரும்பு முட்டுவதுபோல் நின்றால் அதற்கு மேல் அழுத்த வேண்டாம், இங்கே எழுதுங்கள். இலகுவாகச் சுற்றினால்தான் டீசல் வராமல் நிறுத்திவிட்டு ஸ்டாட்டரால் சில விநாடிகள் சுற்றி மிச்சத்தை வெளியேற்றலாம். உடனே ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விடுங்கள், சிலிண்டரின் உட்சுவரான லைனர் ஓர் இரவுக்குள்ளேயே துரு பிடிக்கும்.

ஒயில் டிப் குச்சியில் பால் தேத்தண்ணி நிறமா, அளவு கூடியிருக்கிறதா பாருங்கள். நிறம் நன்றாக இருந்தாலும் எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தட்டின் (சம்ப்) அடி நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள், தண்ணீர் பாரம், அதுதான் முதலில் வரும். டீசல் தாங்கியிலும் அப்படியே. நொசிலைத் திரும்பப் பூட்டும்போது செப்பு வாசர் புதிது போடுங்கள்.

ஏ9 ஓட்டம்:
முன் விசிறியையும் பாருங்கள். தண்ணீருக்குள் சுற்றும் விசிறி முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரைக் கீறிவிடும், பிறகு தண்ணீர் ஒழுகி எஞ்சின் சூடாகும்போது வேறு எதையோ தேடிக்கொண்டிருப்போம்.

ஒட்டுசுட்டான் லொறி:
ரேடியேட்டர் தப்பியது. சிலிண்டர் 2, 3 இரண்டிலிருந்தும் தண்ணீர் வந்தது, 3 தான் அதிகம். கையால் சுற்றியது, முட்டவில்லை. ஒயிலில் கொஞ்சம் தண்ணீர், டீசலில் இல்லை. ஒயில், பில்டர்கள் எல்லாம் மாற்றி, டீசல் குழாயில் எயார் எடுத்து அடித்தேன், ஸ்டாட் ஆகிவிட்டது. ஆனால் விட்டுவிட்டு அடிக்கிறது (மிஸ்ஸிங்), வெள்ளைப் புகை, கீழேயிருந்து மந்தமான ஒரு தட்டல். புகை கண்ணை எரிக்கிறது. ஓட ஓடச் சரியாகும் என்கிறார் இங்கே ஒருவர்.

கிறீஸ்கை:
ஓட்ட வேண்டாம். கண் எரிகிறது என்றால் அது நீராவி இல்லை, எரியாத டீசல். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஐடிலில் வைத்து நொசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குங்கள், டீசல் பீறும், கையை விலக்கியே வையுங்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதுதான் ஆள். தட்டல் அப்போது நின்றுவிட்டால் நொசில் என்று உடனே முடிவு கட்டாதீர்கள், கொன்றொட் பெயாரிங் சத்தமும் அப்படிச் செய்தால் குறையும்.

பிறகு அந்த நொசிலை வேறு சிலிண்டருக்கு மாற்றுங்கள். குறையும் கூடவே போனால் நொசில். போகாமல் அங்கேயே நின்றால் கொம்பிரஷன், அதாவது அந்தச் சிலிண்டரில் காற்று போதிய அளவு அமுங்கவில்லை. கொம்பிரஷன் மீட்டர் கிடைத்தால் நாலையும் ஒப்பிடுங்கள், இல்லையென்றால் நேரான ஒரு கம்பி போதும். 1, 4 ஒன்றாக மேலே வரும், 2, 3 ஒன்றாக வரும். மேலே நிற்கும்போது நொசில் ஓட்டையால் கம்பியை விட்டு ஆழத்தைக் கீறி அடையாளம் செய்யுங்கள். நாலும் ஒரே ஆழம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தக் கொன்றொட் வளைந்து குட்டையாகிவிட்டது.

ஒட்டுசுட்டான் லொறி:
3 தான். நொசில் மாற்றியும் அங்கேயே நின்றது. கம்பியில் மற்ற மூன்றையும்விடத் தாழ்வு, கண்ணுக்கே தெரிகிறது. ஹெட் கழற்றக் கொடுத்துவிட்டேன். பழைய கொன்றொட்டை அழுத்தி நிமிர்த்தித் தருகிறோம் என்கிறார்கள், விலையும் குறைவு.

கிறீஸ்கை:
நிமிர்த்த விடாதீர்கள். ஒருமுறை வளைந்த இரும்பு பாரம் ஏறும்போது முறியும், முறிந்தால் பிளொக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும், அப்போது எஞ்சினே மாற்ற வேண்டும். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழையது நல்லதாகக் கிடைக்கும். வாங்கும்போது மூடியிலும் தண்டிலும் உள்ள எண் ஒன்றா பாருங்கள், உங்கள் மற்ற மூன்றோடு எடையையும் ஒப்பிடுங்கள். 2க்குள்ளும் தண்ணீர் போனதால் அதையும் லேத்தில் நேர் பார்க்கச் சொல்லுங்கள். பெயாரிங் நாலுக்கும் புதிது. 3 லைனரில் கீறல் இருக்கிறதா, பிஸ்டனின் அடிவிளிம்பு கிராங்கில் பட்ட அடையாளம் இருக்கிறதா, அதையும் நின்று பாருங்கள்.

ஏ9 ஓட்டம்:
எஞ்சின் வேலை முடியும்வரை வண்டி சும்மாதானே நிற்கும், டிப்பரன்சியல் (பின் அச்சின் நடுவே உள்ள பல்சக்கரக் கூடு), கியர் பொக்ஸ் ஒயிலை வடியுங்கள். சூடான கூடு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும், மேலே உள்ள மூச்சுக் குழாய் சேற்றால் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு ஓடிய வண்டிகள் மாதக்கணக்கில் கழித்து டிப்பரன்சியல் ஊளையிட்டுக்கொண்டு வந்தன. சில்லுப் பெயாரிங் கிறீஸும் மாற்றுங்கள், பிரேக் டிரம்முக்குள் சேறு இருக்கும்.

ஒட்டுசுட்டான் லொறி:
டிப்பரன்சியலைத் திறந்தேன், முதலில் வந்தது தண்ணீர். கியர் பொக்ஸ் சுத்தம். கொன்றொட் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிறது. அந்த ரப்பர் வாய் இங்கே எந்தக் கடையிலும் இல்லை, பழைய ரியூப்பை வெட்டிக் கட்டினால் தாங்குமா?

கிறீஸ்கை:
தூசிக்குத் தாங்கும், தண்ணீருக்குத் தாங்காது. கொன்றொட் அனுப்புகிறவரிடமே கேளுங்கள், அதோடு சேர்த்துப் போட்டுவிடுவார்.