அயனிப் பிணைப்பா, ஈகைப் பிணைப்பா?

வணக்கம். சோடியம் குளோரைடு போன்ற உப்புகளில் உள்ள பிணைப்பை (ionic bond) 'அயனிப் பிணைப்பு' என்பதற்குப் பதிலாக 'எலக்ட்ரான் ஈகைப் பிணைப்பு' என்று அழைக்கலாம் என்ற பரிந்துரை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதை ஏற்க வேண்டாம் என்பேன். ஈதல் சகப்பிணைப்பு என்று ஒன்று ஏற்கெனவே பாடநூல்களில் உண்டு, அதில் ஓர் அணு தன் எலக்ட்ரான் இணையைப் பகிர்ந்துகொள்ளத்தான் தருகிறது. மாணவர்கள் கண்டிப்பாகக் குழம்புவார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் இது: சோடியம் கொடுத்தது, குளோரின் வாங்கியது, அத்துடன் பிணைப்பு முடிந்தது என்ற எண்ணத்தை இந்தச் சொல் மனதில் ஊன்றிவிடும். கணக்கைப் பாருங்கள். ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்க ஏறக்குறைய 496 கிலோ ஜூல் வேண்டும், அவற்றைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது வெளிவருவதோ 349 தான். ஆக 147 துண்டு விழுகிறது. திண்மச் சோடியத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூறுகளைப் பிளக்கவும் இன்னும் 228 போகிறது. இவ்வளவையும் ஈடுகட்டுவது, எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் நெருங்கி வந்து படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிப்படும் 787 கிலோ ஜூல்தான். சோடியம் போன்ற கார உலோகம் எலக்ட்ரானை 'விரும்பிக் கொடுக்கிறது' என்று எழுதுவதே தவறு. பிணைப்பு இருப்பது அயனிகளின் ஈர்ப்பில், அதனால் அயனிப் பிணைப்பு என்பதே இருக்கட்டும்.

சரி, படிகத்தில் அயனிகள் ஒழுங்காக அமைந்த அந்த அடுக்குக்கு (lattice) என்ன சொல்? 'படிகக்கூடு' எனக்கு ஒப்பவில்லை, கூடு என்றதும் உள்ளே வெறுமையான ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது, இங்கேயோ எல்லாத் திசையிலும் நெருக்கமாக அயனிகள். 'அயனிக்கோவை' என்று வைக்கலாமா? அந்த அடுக்கு உருவாகும்போது வெளிப்படும் ஆற்றலை, மேலே சொன்ன 787 போன்றதை, அயனிக்கோவை ஆற்றல் என்று நீட்டினாலும் இடறவில்லை. லித்தியம் ஃபுளோரைடில் அயனிகள் சிறியவை, நெருங்கி அமைகின்றன, ஆகவே அயனிக்கோவை ஆற்றல் 1000 கிலோ ஜூலைத் தாண்டுகிறது. பெரிய அயனிகள் கொண்ட சீசியம் அயோடைடில் 600 அளவுதான் என்று எழுதிப் பார்த்தேன், இயல்பாகவே வருகிறது. உலோகத்திலும் வைரத்திலும் உள்ள இத்தகைய அடுக்குக்குப் பொதுவாக அணிக்கோவை என்பதை வைத்துக்கொள்வோம்.

அப்புறம் 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்பதையும் கைவிட வேண்டும். படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், சீசியம் குளோரைடில் எட்டு. அவற்றில் எது யாருக்கு ஜோடி? வாய்பாட்டு அலகு, அதாவது வாய்பாடு காட்டும் விகிதத்தில் அமைந்த அயனித் தொகுப்பு, என்பதே பொருத்தம். ஆவி நிலையில் மட்டும் உண்மையிலேயே மூலக்கூறுகள் உண்டு, அங்கே அந்தச் சொல் இருக்கலாம்.